இரண்டு குதிரைவீரர்களும் ஓர் ஆண்டும்: ஒரு ருமேனியக் கண்ணாடி ஓவியத்தின் மதிப்புரை

ருமேனியாவின் சிபியு நகரை ஒட்டிய தும்பிராவா காட்டுக்குள் ஆஸ்த்ரா என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நீராலைகளையும் காற்றாலைகளையும் குடியானவர் வீடுகளையும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் அந்த வளாகத்தில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் நடுவில், அன்னை மரியாவின் திருநாளை ஒட்டி, நாட்டுப்புறக் கைவினைஞர்களின் சந்தை கூடுகிறது. இங்கே மதிப்பிடப்படும் ஓவியம் அந்தச் சந்தையில் வாங்கியது. கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டப்பட்டு முன்புறம் வழியாகப் பார்க்கப்படும் வகையைச் சேர்ந்த இது, சட்டம் நீங்கலாக 50 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. விலை 900 லேய், அதாவது ஏறத்தாழ 180 யூரோ. தீட்டியவர் ஃபகராஷ் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அவருடைய பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன்.

ஓவியத்தின் பொருள் ருமேனியக் கிராமங்களின் ஆண்டுச் சுழற்சி. ருமேனியர்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள். ஆயினும் கிராமத்து ஆண்டு திருச்சபையின் பட்டியலை மட்டும் பின்பற்றி நடந்ததன்று. ஆடு மலையேறும் நாள், இறங்கும் நாள், ஏர் பூட்டும் நாள், தேனடை அறுக்கும் நாள், நூல் நூற்கக் கூடாத நாள் என்று வேலையாலும் விலக்காலும் அமைந்த ஓர் ஆண்டின்மேல் புனிதர்களின் பெயர்கள் வந்து அமர்ந்தன. அமர்ந்த புனிதர்களும் நாளடைவில் கிராமத்தாரின் குணங்களை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் தலையாய இருவர் ஏப்ரல் 23-க்கு உரிய புனித ஜார்ஜும் அக்டோபர் 26-க்கு உரிய புனித தெமெத்ரியும். மக்கள் வழக்கில் முதலாமவர் சன்ஜோர்ஸ், இரண்டாமவர் சமெத்ரு. சன்ஜோர்ஸ் தன் சாவியால் குளிரைப் பூட்டிக் காட்டைத் தளிர்க்க வைக்கிறார். சமெத்ரு வெப்பத்தைப் பூட்டி இலைகளை உதிர்க்கிறார். மேய்ப்பர்களையும் பண்ணையாட்களையும் அமர்த்தும் ஒப்பந்தங்கள் முதலாமவர் நாளில் தொடங்கி இரண்டாமவர் நாளில் முடிந்தன. ஆகவே அந்த ஊர்களில் ஆண்டு என்பது நான்கு பருவமாக அல்ல, இரண்டு பாதிகளாகவே வாழப்பட்டது.

இந்த ஓவியர் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார் என்பதே நான் இதை வாங்கியதற்கு முதற்காரணம். இதே பொருளில் சந்தையில் கிடைக்கும் மற்ற ஓவியங்கள் பன்னிரண்டு மாதங்களைப் பன்னிரண்டு சதுரங்களாக அடுக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் அழகான உடையணிந்த பெண்ணை நிறுத்திவிடுகின்றன. அவை சுவரில் மாட்டும் அச்சு நாட்காட்டியின் வேறு வடிவம், அவ்வளவுதான். இங்கே நடுவில் ஒரு பெரிய மரம் நிற்கிறது. அதன் இடப்பாதி தழைத்தும் வலப்பாதி மொட்டையாகவும் இருக்கின்றன. தழைத்த பக்கம் வெள்ளைக் குதிரையில் சன்ஜோர்ஸ், மொட்டைப் பக்கம் செந்நிறக் குதிரையில் சமெத்ரு. ஒருவருடைய ஈட்டியின் கீழ்ப் பச்சை நிறப் பறவைநாகம் சுருண்டு கிடக்க, மற்றவருடைய குதிரையின் குளம்படியில் பழுப்பு இலைகள் கிடக்கின்றன. மேலே பழைய கண்ணாடிப் படங்களில் வருவதைப் போலவே முகம் வைத்த சூரியனும் சந்திரனும். இவற்றைச் சுற்றிப் பன்னிரண்டு சிறு வட்டங்கள். ஆனால் அவை ஜனவரியில் தொடங்கி வரிசையாக ஓடவில்லை. மரத்தின் இடப்பக்கத்தில் கோடை அரையாண்டும் வலப்பக்கத்தில் குளிர் அரையாண்டுமாகப் பிரிந்து நிற்கின்றன. ஓவியத்தின் முன் நிற்பவர் முதலில் பார்ப்பது இந்தப் பிளவைத்தான், மாதங்களை அல்ல.

வட்டங்களின் அடியில் மாதப் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன, அவையும் அலுவலக வழக்கில் உள்ளவை அல்ல, கிராமத்து வழக்கில் உள்ளவை: ஏப்ரலுக்குப் பிரியெர், ஜூனுக்குச் சிரேஷார், ஜூலைக்குக் குப்தோர், அக்டோபருக்குப் புருமரெல். நாள் எண் எங்கும் இல்லை. இது வெறும் அழகுக்காகச் செய்ததா, தெரிந்தே செய்ததா என்று நான் கேட்கவில்லை. எப்படியாயினும் நல்ல முடிவு. ருமேனிய அரசு 1919-ல் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியது, திருச்சபை 1924-ல் தன் நிலையான திருநாள்களை அதற்கேற்ப மாற்றியது. பழைய நாட்காட்டிக்கும் புதியதற்கும் இடைவெளி பதின்மூன்று நாள். இன்று ஏப்ரல் 23-ல் கொண்டாடப்படும் நாள், பாட்டன்மார் காலத்தில் இன்றைய கணக்குப்படி மே 6-ல் விழுந்தது. காடு தழைத்திருக்க, ஆடு மலைக்குக் கிளம்ப, வாயிற்கதவுகளில் பச்சைக் கிளை செருக என்று அந்த நாளைச் சுற்றி வளர்ந்த வழக்கங்கள் எல்லாம் பழைய கணக்குக்கே பொருந்தும். எண் போட்டிருந்தால் ஓவியத்தின் மரம் பொய் சொல்வதாகியிருக்கும்.

இனி வட்டங்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே அளவில் பேசத் தேவையில்லை, ஏனெனில் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை.

ஆகச் சிறந்தது நவம்பர் வட்டம். நவம்பர் 30 புனித அந்திரேயாவின் நாள். அதற்கு முந்தைய இரவு ஓநாய்களுக்கும், ஸ்த்ரிகோய் எனப்படும் உலவும் ஆவிகளுக்கும் உரியது. ஆண்டு முழுவதும் விறைத்திருக்கும் ஓநாயின் கழுத்து அந்த இரவில்தான் வளையும், வளைந்தபின் அதன் வாயிலிருந்து எதுவும் தப்பாது என்பது நம்பிக்கை. கதவு நிலைகளிலும் சன்னல்களிலும் வீட்டார் பூண்டு தேய்ப்பார்கள். வரும் ஆண்டின் விளைச்சலை அறியச் சிறு தட்டில் கோதுமையை முளைக்க வைப்பார்கள். ஓவியர் இவை மூன்றையும் ஒரு வட்டத்தில் அடக்கியிருக்கிறார், ஆனால் நெருக்கடி தெரியவில்லை. வட்டத்தின் பெரும்பகுதி கருநீலம். கீழே மஞ்சள் சன்னல் ஒன்று, அதில் பச்சை முளைத் தட்டு, சன்னல் விளிம்பில் பூண்டுப் பற்கள் வெண்புள்ளிகளாக. வெளியே ஓர் ஓநாய், உடல் ஒரு பக்கமும் தலை முழுதாக மறுபக்கமும் திரும்பி நிற்கிறது. கதை தெரியாதவருக்கு அது வரைகலைப் பிழையாகத் தோன்றலாம். தெரிந்தவருக்கு அந்த ஒரு திருப்பத்திலேயே இரவு முழுவதும் இருக்கிறது. ஸ்த்ரிகோய் எங்கும் வரையப்படவில்லை. அச்சத்துக்கு உருவம் கொடுக்காமல் விட்டது ஓவியரின் நிதானத்தைக் காட்டுகிறது; டிராகுலாவை விற்றுப் பிழைக்கும் கடைகள் நிறைந்த அந்த நாட்டில் இந்த நிதானம் எளிதில் வருவதன்று.

பிப்ரவரி வட்டத்தில் புனித ஹராலம்பியே, அவருடைய நாள் பிப்ரவரி 10, கொள்ளைநோயைச் சங்கிலியில் பிணைத்துக் காலடியில் மிதித்து நிற்கிறார். இது ஓவியரின் கற்பனை அன்று. சிபியுவும் ஃபகராஷும் அடங்கிய திரான்சில்வேனியப் பகுதியின் பழைய கண்ணாடிப் படங்களில் மீண்டும் மீண்டும் வரும் உருவமே. எலும்புக்கூடு போன்ற கொள்ளைநோயும் அதன் கையிலுள்ள அரிவாளும் அங்கிருந்து அப்படியே எடுத்தவை. நகல் என்று குறை சொல்ல மாட்டேன், இந்தக் கலையில் நகல் எடுப்பதே பயிற்சி. கோடு உறுதியாக இருக்கிறது, அது போதும்.

மார்ச் வட்டத்தில் பாபா தோக்கியா. குளிர் முடிந்துவிட்டது என்று நம்பி மந்தையோடு மலையேறிய கிழவி, ஏற ஏறத் தன் ஆட்டுத்தோல் மேலங்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிகிறாள். கடைசி அங்கியும் போனபின் உறைபனி திரும்பி வந்து அவளையும் மந்தையையும் கல்லாக்கிவிடுகிறது. ருமேனியாவின் மோல்தாவியப் பகுதியிலுள்ள செயஹ்லவு மலையில் அவள் பெயரால் சுட்டப்படும் பாறைகள் உள்ளன. மார்ச் 1 முதல் 9 வரையுள்ள நாள்கள் அவளுக்குரியவை. பெண்கள் அவற்றுள் ஒரு நாளைத் தமக்கென்று முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அன்றைய வானிலையைக் கொண்டு தம் ஆண்டு எப்படி இருக்கும் என்று பார்ப்பது இன்றும் நகரங்களில்கூட உண்டு. ஓவியர் மலைப்பாதையில் ஒன்பது அங்கிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடத்தியிருக்கிறார், மேலே போகப் போக அவற்றின் நிறம் மங்குகிறது. உச்சியில் கிழவி பாதி பெண், பாதி சாம்பல் நிறக் கல். தோக்கியாவின் மணிக்கட்டில் மட்டும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் ஒன்று, கல்லாகாமல் இருக்கிறது. அது மர்த்சிஷோர், மார்ச் முதல் நாளில் கட்டிக்கொண்டு, மாத இறுதியிலோ பூத்த மரத்தைக் கண்டபோதோ கழற்றிக் கிளையில் கட்டுவது. ருமேனியா, பல்கேரியா, மால்டோவா, வடக்கு மாசிடோனியா ஆகிய நாடுகளின் பொது வழக்கமாக 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. கடைகளில் பெரிதாகத் தொங்கும் இந்தக் கயிற்றை இவ்வளவு சிறிதாக, இவ்வளவு பொருத்தமான இடத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏப்ரல் வட்டம் ஓவியர் எந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஊரிலுள்ள பலருடைய ஆடுகள் ஒரே பட்டியில் சேர்க்கப்பட்டு மலைக்கு அனுப்பப்படும்போது, முதற்பாலைக் கறந்து அளந்து, அந்த அளவைக் கொண்டே கோடை முழுவதற்கும் யாருக்கு எவ்வளவு பாலாடைக்கட்டி என்ற பங்கு தீர்மானிக்கப்படும். வட்டத்தில் மரப்பாத்திரத்துக்குள் குறி வெட்டிய கோலை இறக்கிப் பார்க்கும் தலைமை மேய்ப்பரைச் சுற்றி ஆட்டுக்காரர்கள் குனிந்து நிற்கிறார்கள், எல்லார் கண்ணும் கோலின்மேல்தான். ஒருவர் முகத்திலும் திருநாள் மகிழ்ச்சி இல்லை. பின்னணியில் ஃபகராஷ் முகடுகள் பனியோடு இருக்க, அடிவாரம் பச்சையாக இருக்கிறது. செப்டம்பர் வட்டமும் இதே தரம்: மந்தை இறங்குகிறது, முன்னே கழுதைகள், அவற்றின் பொதிப்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் குட்டிகள். சிபியுவை அடுத்த மலையோர ஊர்களான மர்ஜினிமியாவின் மேய்ப்பர்கள் குளிர்காலத்துக்கு மந்தையோடு தன்யூப் சமவெளிக்கும் கருங்கடலோரத் தொப்ருஜாவுக்கும், ஒரு காலத்தில் அதற்கும் அப்பால் கிரிமியா வரைக்கும் நடந்தவர்கள். ஊர்விட்டு ஊர் மேய்க்கும் இந்த வழக்கம் பல ஐரோப்பிய நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 2023-ல் அதன் விரிவாக்கத்தில் ருமேனியாவும் இணைந்தது.

ஜூலை வட்டம், புனித எலியா, வழக்கில் சந்திலியே. நெருப்புத் தேரில் வானத்தில் ஓடி இடியால் பேய்களை அடிப்பவர். ஜூலை 20 அவருடைய நாள். அன்றைக்கு முன் ஆப்பிள் தின்னக் கூடாது, அன்றைக்குத்தான் முதல் தேனடை அறுக்க வேண்டும், மலையிலிருக்கும் மேய்ப்பர்கள் அன்றைக்குத்தான் முதன்முறையாக ஊருக்கு இறங்கி, மலையில் செதுக்கி வைத்த நூற்புக்கோல்களைத் தம் பெண்களுக்குத் தருவார்கள். தேர் பழைய படங்களிலுள்ளதைப் போலச் சிவப்பு மேகத்துக்குள் நிற்கிறது, குதிரைகளின் பிடரியும் தீயும் ஒன்றாகின்றன. கீழே தேன்கூடுகளும் செதுக்கிய கோலும் உண்டு. நிறம் கொஞ்சம் கூடிவிட்டது. சிவப்பின்மேல் ஆரஞ்சும் அதன்மேல் பொன்னிறமும் வைத்ததில் புனிதரின் முகம் பின்தள்ளப்படுகிறது. குறை என்று சொல்லுமளவுக்கு இல்லை.

அக்டோபரில் சமெத்ருவின் நெருப்பைச் சிறுவர்கள் தாண்டுகிறார்கள். ஜனவரியில் திருமுழுக்குத் திருநாளின் நீர் மந்திரிப்பு. இவ்விரண்டும் ஒழுங்காக இருக்கின்றன, தனித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

குறை மே, ஜூன் வட்டங்களில் தொடங்குகிறது. மே வட்டத்தில் கலுஷாரி ஆட்டக்காரர்கள் தடியோடு குதிக்கிறார்கள். இந்த ஆட்டம் யுனெஸ்கோவால் 2005-லேயே அறிவிக்கப்பட்ட பெருமை உடையது. ஆகவே நினைவுப்பொருள் செய்பவர் எவரும் இதை விடுவதில்லை. ஆனால் பெந்தெகொஸ்தே வாரத்தில் ஆடப்படும் கலுஷ் என்பது தெற்கே, ஒல்தேனியாவிலும் முந்தேனியாவிலும், தன்யூப் சமவெளியில் வாழும் சடங்கு. அங்கே ஆட்டக்காரர்கள் உறுதிமொழி ஏற்பார்கள். நீண்ட கம்பத்தின் உச்சியில் பூண்டும் எட்டிக்கசப்புடைய பெலின் செடியும் கட்டிய கொடியே அவர்களுடைய ஆற்றலின் இருப்பிடம். முகமூடி அணிந்து வாய் பேசாத ஒருவர் குழுவில் இருப்பார். மோகினிகள் பிடித்து நோயுற்றவரைச் சுற்றி ஆடி அவர்கள் குணப்படுத்துவார்கள். திரான்சில்வேனியாவிலும் இதே பெயருடைய ஆட்டம் உண்டு, ஆனால் அது குளிர்காலத்தில், கிறிஸ்துமஸுக்கும் திருமுழுக்குத் திருநாளுக்கும் இடையில், இளைஞர் குழுக்களால் ஆடப்படுவது. ஓவியர் தன் ஊரில் கண்ட ஆட்டக்காரர்களை, மார்பின் குறுக்கே பட்டை கட்டிய வெள்ளுடையோடு, அப்படியே எடுத்துத் தெற்கத்திக்காரர்களின் மே மாதத்தில் வைத்துவிட்டார். கொடி இல்லை, பூண்டு இல்லை, வாய் பேசாதவரும் இல்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள். நவம்பரில் பூண்டுப் பல்லை எண்ணி வைத்த அதே கை, அதைவிட முதன்மையான இடத்தில் பூண்டை மறந்தது வியப்பாக இருக்கிறது.

ஜூன் வட்டத்தின் சன்சியேனே பெண்களும் அப்படித்தான். ஜூன் 24-ல் அதே பெயருடைய மஞ்சள் நிறக் காட்டுப்பூவைப் பறித்து மாலையாகக் கட்டிக் கூரைமேல் எறிவது வழக்கம். மாலை கூரையில் தங்கினால் நற்குறி. அந்த எறிதலில் ஒரு பதற்றம் இருக்கிறது, விழுந்துவிட்டால் என்ன என்ற பதற்றம். இங்கே பெண்கள் தலையில் மாலை சூடி வட்டமாக நின்று கைகோத்திருக்கிறார்கள். சுற்றுலா விளம்பரத்தில் காணும் அதே வட்டம். கூரையே இல்லை. மழை வேண்டித் தழையுடுத்திய சிறுமியின்மேல் தண்ணீர் ஊற்றும் பாபருதாவுக்கும் ஓவியத்தில் இடமில்லை. சமவெளியின் உழவர் ஆண்டு இவருக்குச் செவிவழி வந்த செய்தி, மலையின் மேய்ப்பர் ஆண்டோ கண்ணால் கண்டது. இரண்டும் ஒரே கண்ணாடியில் இருக்கும்போது வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

டிசம்பரைப் பற்றி எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. வட்டத்தில் பாட்டுப்பாடி வீடுவீடாகச் செல்லும் இளைஞர் குழுவும், கொம்பும் மரத்தாடையும் வைத்த, துர்க்கா எனப்படும் விலங்கு முகமூடியும் வருகின்றன. ஃபகராஷ் பக்கத்து இளைஞர் குழுக்களின் ஒழுங்கு, அவர்களுக்குள்ளே தலைவரும் பொறுப்பாளர்களும் உண்டு, தோற்றத்திலேயே புலப்படும்படி வரைந்திருக்கிறார். ஆனால் டிசம்பர் 20, இக்னாத் நாள், எங்கே? அன்றுதான் பன்றி அறுக்கப்படும். வைக்கோல் தீயில் மயிர் பொசுக்கப்படும். உதவிக்கு வந்தவர்கள் எல்லாரும் முதல் இறைச்சியை அங்கேயே வறுத்து உண்பார்கள். குளிர்கால உணவு முழுவதற்கும் ஊற்றுக்கண் அந்த நாள்தான். குருதி விற்காது என்று ஓவியர் எண்ணியிருக்கலாம். கொள்ளைநோயின் எலும்புக்கூட்டைத் துணிந்து வரைந்தவர் பன்றியிடம் பின்வாங்கியிருக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் வட்டத்தைக் கடைசிக்கு வைத்தேன், ஏனெனில் அது இந்த ஓவியத்தின் குலவரலாறு. க்ளுஜ் மாவட்டத்தின் நிகுலா மடத்துக்குச் செல்லும் பயணிகள் அதில் வரையப்பட்டுள்ளனர். அங்கே 1681-ல் லூகா என்னும் குரு தீட்டிய அன்னை மரியாவின் படம், 1699-ல் கண்ணீர் வடித்ததாக நம்பப்பட்டது. ஆகஸ்ட் 15-ல் அங்கே கூடும் கூட்டம் இன்றளவும் பெரியது. வந்தவர்கள் ஒரு படத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்பினார்கள், மரப்பலகைப் படம் ஏழைக்கு எட்டாது, மத்திய ஐரோப்பாவிலிருந்து பரவிவந்த கண்ணாடி ஓவிய முறையோ மலிவாகவும் விரைவாகவும் முடியும். நிகுலாவின் குடியானவர்களே ஓவியர்கள் ஆனார்கள். அங்கிருந்து இது பிரஷோவின் ஷ்கேய் பகுதி, ஓல்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கு, மர்ஜினிமியா, செபேஷ் பள்ளத்தாக்கின் லாஸ் என்று பரவியது. ஓல்ட் பள்ளத்தாக்கில் அர்பாஷு தே சூஸ் ஊரின் சாவு மோகாவும் கர்த்சிஷோரா ஊரின் மத்தேய் சிம்ஃபோரியாவும் 19-ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்றவர்கள். நம்முடைய ஓவியரின் கோடு இவர்கள் வழியில் வந்தது என்பதை முகங்களின் நீள்வட்டமும் அடர்நீலமும் காட்டிக்கொடுக்கின்றன.

முறையை அறிந்தவருக்குத்தான் இதன் அருமை புரியும். வரைவுத்தாளின்மேல் கண்ணாடியை வைத்துக் கருங்கோட்டை முதலில் இழுப்பார்கள். அடுத்து கண்ணின் ஒளிப்புள்ளி, ஆடையின் மடிப்பு போன்ற நுணுக்கங்கள். அதன்பின் பெரிய நிறப்பரப்புகள். இறுதியில் பின்னணியும் பொற்றகடும். மரப்பலகையில் கடைசியாக வருவது இங்கே முதலில் வரவேண்டும், இடம் வலமாகும், எழுத்து கண்ணாடி எழுத்தாகும், மேலே வண்ணம் பூசியபின் கீழே உள்ள தவற்றைத் திருத்த வழியில்லை. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வரிசை புதிதன்று. இங்கே டிசம்பரின் பெயரான உந்த்ரியாவில் ஓர் எழுத்து திருப்பாமல் விடப்பட்டு, முன்புறத்தில் இடவலம் மாறித் தெரிகிறது. கவனித்துப் பார்த்தால் மட்டுமே கண்ணில் படும்; என்னைப் பொறுத்தவரை விலையைக் குறைக்கும் குற்றமன்று. கோடுகள் மற்ற இடங்களில் ஒரே தடிமனில், நடுக்கமின்றி ஓடுகின்றன. பின்புறத்தைத் திறந்து பார்த்தேன்: வண்ணம் சீராகப் பற்றியிருக்கிறது, பொற்றகடு இரண்டு ஒளிவட்டங்களிலும் சூரியனிலும் மட்டுமே வைக்கப்பட்டுள்ளது, மற்ற மஞ்சள் எல்லாம் வண்ணமே. விற்கும்போது இதை ஓவியரே சொல்லிவிட்டார்.

கண்ணாடி இக்காலத்தது, சமதளமானது. பழைய படங்களின் கண்ணாடி கைவேலையாகச் செய்யப்பட்டு மெல்லிய அலைகளோடு இருக்கும். நடக்கும்போது அதன்மேல் ஒளி நகர, உருவமும் சற்றே அசைவதாகத் தோன்றும். அந்த அசைவு இதில் இல்லை. சிபியேல் ஊரின் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழையவற்றைப் பார்த்தபின் வாங்குபவருக்கு இந்த இழப்பு உறுத்தும். கம்யூனிசச் சிறைகளில் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிய குரு சோசிம் ஒயான்சா, ஊரார் வீடுகளிலிருந்து திரட்டிய படங்களைக் கொண்டு உருவாக்கிய இடம் அது. சுமார் அறுநூறு படங்கள் இருக்கின்றன, சிபியுவிலிருந்து அரை நாளில் போய்வரலாம். வாங்குவதற்கு முன் அங்கே போய்வருவதே முறை. எந்த நீலம் பழையது, எந்தக் கோடு உயிருள்ளது என்று கண் பழகிவிட்டால், சுற்றுலாத் தலங்களின் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் அச்சுத்தாளை ஒட்டி ஓவியம் என்று விற்பதை எட்ட இருந்தே அடையாளம் காணலாம். ஐயம் வந்தால் பின்பலகையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கையால் தீட்டியதாக இருந்தால் பின்புறத்தில் நிறங்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், முகங்கள் தெரியாது.

சட்டம் தேவதாரு மரம், மரமுளையால் பூட்டப்பட்டது, மெழுகு பூசியது. உறுதியாக இருக்கிறது. பின்பலகை மட்டும் மெல்லிய ஒட்டுப்பலகையாக இருப்பது இந்த விலைக்குப் பொருந்தவில்லை, மரப்பலகையே வைத்திருக்கலாம். கண்ணாடி ஓவியத்துக்கு முதற்பகை ஈரம். ஈரப்பதம் ஏறி இறங்க, வண்ணம் கண்ணாடியிலிருந்து செதிலாகக் கழன்றுவிடும், ஒட்டுப்பலகையோ ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலோர ஊர்களில் மாட்டுவோர் வெளிச்சுவரையும் சமையலறையை ஒட்டிய சுவரையும் தவிர்க்க வேண்டும், நேர்வெயிலும் கூடாது. முன்புறத்தை உலர்ந்த துணியால் துடைக்கலாம், பின்புறத்தைத் தொடவே கூடாது. எடுத்துச் செல்வதற்கு ஓவியர் சுற்றித் தந்தது அட்டையும் பழைய செய்தித்தாளும் மட்டுமே. இந்த அளவு கண்ணாடியை அப்படிக் கொண்டுபோவது துணிச்சலான செயல். நகரில் பொதியுறை வாங்கிச் சுற்றி, விமானத்தில் கையோடு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. புதிய படைப்பு என்பதற்கு எழுதிக் கொடுத்த இரசீதைக் கேட்டு வாங்குங்கள். பழைய படங்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லச் சான்று வேண்டும் என்பதால், சுங்கத்தில் கேள்வி எழுந்தால் இரசீது உதவும்.

விலையைப் பொறுத்தவரை, ஒற்றைப் புனிதரை மட்டும் கொண்ட சிறிய படங்கள் அதே சந்தையில் இதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்தன. வீட்டுக்கு ஓர் அழகுப்பொருள் மட்டும் போதும் என்பவருக்கு அவையே போதும், அதிலும் சந்திலியேயின் தேர் தனிப்படமாக இதைவிட நன்றாக இருக்கிறது. முழு ஆண்டும் ஒரே கண்ணாடியில் வேண்டும் என்பவருக்கு 900 லேய் நியாயமான விலை. நவம்பரும் மார்ச்சும் ஏப்ரலும் அதற்கு ஈடு செய்துவிடுகின்றன.

இந்த ஓவியர் சொல்லிச் செய்விப்பவர்களுக்கும் தீட்டித் தருகிறார், பாதிப் பணம் முன்பணம். ஆயத்தமாக இருப்பதை வாங்குவதைவிட அவ்வழியே செல்வது நல்லது என்பேன். கலுஷாரியை மே வட்டத்திலிருந்து எடுத்து, அவருக்குத் தெரிந்த குளிர்கால ஆட்டமாகவே ஜனவரியில் வைக்கச் சொல்லுங்கள். காலியாகும் மே வட்டத்தில் மந்தை மலையேறும் காட்சி ஒன்றைக் கேளுங்கள். டிசம்பரில் துர்க்காவின் பக்கத்தில் இக்னாத் நாளின் வைக்கோல் தீயும் இருக்கட்டும். பின்பலகையை மரத்தில் செய்யச் சொல்ல மறவாதீர்கள். அப்படி ஒன்று கிடைக்குமானால் நான் 1,200 லேய் வரை தருவேன்.